கறுப்பு அட்டை பிடித்த கை

அந்த அக்காவுக்கு ஒரு அடி கொடுத்தால் ஒரு அடி திரும்பி வரும். ஒன்றேகால் வராது, முக்காலும் வராது. கொடுத்தவன் மறந்துபோய் வேறு ஜோலியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் மறக்க மாட்டாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் லைட் செட் வைத்திருந்தேன். கல்யாண வீடு, கடை திறப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஆகஸ்டு மாதத்து மாதா கோயில் திருவிழா. கோயில் முகப்பு முழுக்க சீரியல் பல்பு கட்டுவது என் பொறுப்பு. அக்கா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். பீச் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், உப்பு குடோனை ஒட்டி நீளமாக ஒரு அறை. முதலில் அது அவள் அப்பாவுடையது. அவருக்குக் கண் மங்கியதும் இவள் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். பிறகு வெளியே எடுக்கவே இல்லை. குள்ளமான உருவம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பாள். படம் கழுவும் மருந்துத் தண்ணீரில் ஊறி விரல் நகம் பத்தும் பழுப்பேறிக் கிடக்கும்.

அவளுடைய இருட்டறையில் கடிகாரம் கிடையாது. நேரக் கணக்குக்கு ஜெபம்தான். இந்தத் தாளுக்கு இரண்டு 'அருள்நிறை மரியே' மந்திரம், அந்தத் தாளுக்கு மூன்றரை என்று வைத்திருந்தாள். உள்ளேயிருந்து முணுமுணுப்புக் கேட்டால் வெளியே இருப்பவர்கள் பக்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மந்திரத்தில் பாதியில் நிறுத்தி, "எவன்லே கதவைத் தட்டுதது, படம் கறுத்துப் போவும்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, விட்ட சொல்லிலிருந்து மறுபடி தொடங்குவாள்.

வெட்டி ஒட்டுவதிலும் கெட்டிக்காரி. கொழும்பில் கிடக்கும் மகனை, இங்கே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நடுவில் நிற்க வைத்துவிடுவாள். அவன் அனுப்பிய படத்திலிருந்து ஆளை வெட்டி, ஒட்டி, ஓரத்தைப் பென்சிலால் தேய்த்து, அதை மறுபடி படம் பிடித்துத் தருவாள். அந்த மகன் ஊருக்கு வந்தபோதுகூட அத்தனை பாந்தமாக அவர்களோடு நின்றதில்லை.

ஆனால் அவளுடைய பேர் பரவியது வாணவேடிக்கைப் படத்தால்தான். திருவிழா ராத்திரியில் கோயில், சீரியல் பல்பு, மேலே வெடிக்கும் வாணம், கீழே ஜனம் எல்லாம் ஒரே படத்தில் விழும்படி எடுக்க அன்றைக்கு ஊரில் வேறு ஆள் இல்லை. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி அதன் கண்ணைத் திறந்து வைத்துவிடுவாள். கையில் ஒரு கறுப்பு அட்டை. வாணம் ஏறும்போது அட்டையை விலக்குவாள், அது அணைந்ததும் கண்ணை மறைப்பாள். இப்படி ஏழெட்டு வாணத்தை ஒரே பிலிமில் வாங்குவாள். மொத்தமும் செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டும் நேரம். "நின்னாத்தான் படம். அசைஞ்சா ஆளே இல்லை" என்று எல்லோரிடமும் சொல்வாள். அது உண்மைதான். அசையாமல் நின்றவர்கள் படத்தில் இருப்பார்கள். குறுக்கே நடந்தவன் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் காற்றாகப் போய்விடுவான்.

எனக்கும் அவளுக்கும் அதில்தான் முதல் சண்டை. கடல்காற்றில் என் பல்பு வரிசைகள் ஆடுகின்றன, படத்தில் கோடு கோடாக இழுக்கிறது, இரண்டு அடிக்கு ஒரு கட்டுப் போடு என்றாள். கோயில் கமிட்டி ஆட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். எனக்கு இருபத்தைந்து வயது, வாய் சும்மா இருக்குமா? "பல்பைப் பத்தி பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று கேட்டேன். திருவிழா முடிந்து ஒரு வாரத்தில் அந்தப் பத்துப் பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு படம் போய்ச் சேர்ந்தது. கோயில் முகப்பில் யாரோ சேமியாவைக் கொட்டிவிட்டதுபோல என் பல்புகள். பின்னால் அழகான கையெழுத்தில் என் லைட் செட்டின் பேர். பதினோராவது ஆளுக்கு அவள் அதைக் காட்டவில்லை. அடுத்த வருஷம் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டுப் போட்டேன். "ரெண்டு அடி போதும்லே" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் நல்ல சிநேகம்.

ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா அவளைச் சாப்பிடவே கூப்பிடவில்லை. பந்தி எல்லாம் முடிந்து மூன்றரை மணிக்கு, "ஏளா, அடுப்படில என்ன கெடக்குன்னு பாரு" என்றாராம். மனுஷன் ஒரு மாதம் கழித்து ஆல்பம் வாங்கப் பன்னிரண்டு மணிக்கு ஸ்டுடியோவுக்கு வந்தார். "இப்ப காஞ்சிரும் அண்ணாச்சி, இருங்க" என்று ஸ்டூலைப் போட்டாள். ஒரு மணி, இரண்டு மணி. அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தால், "இந்தா, எடுத்துட்டு வாரேன்." எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் மூன்றரை காட்டியதும் ஆல்பத்தைக் கொண்டுவந்து மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் அங்கேதான் இருந்தேன். அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை.

இதெல்லாம் சில்லறைச் சங்கதி. பெரிய சங்கதி சூசை.

சூசை அவளுடைய ஒரே தம்பி. என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். தோணியில் வேலை பார்த்தான். ஒரு வருஷம் வடகிழக்குக் காற்று தொடங்கும் சமயத்தில், ஊரில் பெரிய ஆளாக இருந்த ஒரு முதலாளியின் தோணி கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போனது. ஏழு பேர் போனார்கள். துறையில் கொடுத்த ஆள் பட்டியலில் ஆறு பேர். கடைசி நேரத்தில் கை போதாது என்று சூசையையும் ஏற்றிக்கொண்டார்கள். அவனுக்குக் காகிதம் ஏதும் இல்லை. தோணி போனது போனதுதான், ஒரு பலகைகூடத் திரும்பவில்லை.

விசாரணை வந்தபோது முதலாளி பட்டியலை மேசையில் விரித்துவைத்தார். அக்காவும் அவள் அம்மாவும் எதிரே நின்றார்கள். "பட்டியல்ல பேரு இருக்கா? இல்லைல்லா? அப்ப அவன் ஏறவே இல்லை. எவளையாவது இழுத்துக்கிட்டு பம்பாய்க்கு ஓடியிருப்பான், தேடிப் பாருங்க" என்றார். காகிதம் இல்லாத ஆளை ஏற்றினேன் என்று சொன்னால் அவர் தலைக்கு வந்துவிடும். அதற்குப் பதில் செத்தவன் தலையில் ஒரு பெண்ணைக் கட்டிவிட்டார். ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பேரும் வைத்துவிட்டார்கள்.

மற்ற ஆறு பேருக்கும் முதலாளி தன் செலவில் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் ஒரு கல் பதித்தார். ஆறு பேர், ஆறு வரி. கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆளின் பேருக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றும். சூசையின் அம்மா பேர் இல்லாத ஓரத்தில் ஒரு வத்தியை ஏற்றிவிட்டு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சீக்கிரம் எழுந்து வந்துவிடும்.

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் பழைய வயர் வாங்க நான் தோணித்துறைக்குப் போயிருந்தேன். சூசை பையைத் தோணிக்குள் எறிந்துவிட்டுப் பலகையில் ஏறியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "ஏலே, பல்பு ஆடாமக் கட்டு, எங்க அக்கா கொன்னுருவா" என்று கையை ஆட்டினான். விசாரணைக்கு முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏலே, நீ அன்னைக்கு காலையில துறையிலதானே நின்ன? தம்பி ஏறுனதைப் பாத்தியா?"

முதலாளிதான் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர். வாயைத் திறந்தால் கோயில் லைட்டு கையைவிட்டுப் போகும். கோயில் லைட்டு போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும். "நான் கவனிக்கலைக்கா" என்றேன். அவள் என்னை ஒரு அருள்நிறை நேரம் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் விசாரணையிலும் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். என்னைப்போல ஒரு கோழையை அந்தக் கடற்கரை அதற்கு முன் பார்த்திருக்காது.

மூன்று வருஷம் போனது. திருவிழாவின் ஒன்பதாம் நாள் வாணவேடிக்கை உபயம் முறை வைத்து வரும். அந்த வருஷம் முதலாளியின் முறை. அதை விட்டால் இனி பத்து வருஷத்துக்கு வராது. புது வீட்டு ஹாலில் மாட்டுவதற்குப் பெரிய படம் வேண்டும், கோயில், லைட்டு, வாணம், குடும்பத்தோடு தான், எல்லாம் விழ வேண்டும் என்று அக்காவின் ஸ்டுடியோவுக்கே வந்து சொன்னார். அவர் மனசில் கல் பதித்த புண்ணியம் மட்டும்தான் நின்றது. ஏழாவது ஆள் மறந்தே போயிருந்தான்.

"எடுத்திருவோம் முதலாளி" என்றாள் அக்கா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சோர்ந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு ஏழரை மணிக்கு ஆசீர்வாதம் முடிந்து ஜனம் வெளியே வந்தது. கோயிலுக்கு எதிரே பெஞ்சுகளை அடுக்கி மேடை போட்டு அக்கா கேமராவை நிறுத்தியிருந்தாள். என் சுவிட்ச் போர்டும் அதன் பக்கத்திலேயே. முன்னால் நாற்காலி வரிசை. நடுவில் முதலாளிக்கு, பக்கத்தில் அவர் சம்சாரம், அக்காமார், இரண்டு மருமகன்மார். காற்று தேவலை, பல்பு ஒன்றும் ஆடவில்லை.

"அட்டையை எடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிடுங்க, அசையாதீங்க" என்று குடும்பத்துக்குச் சொன்னாள்.

"ஏளா, நான் எங்கன இருக்கட்டும்? நடுவுலயா?" என்று முதலாளி கேட்டார்.

"நீங்க இருக்க வேண்டாம் முதலாளி. உபயக்காரர் கல்லு மாதிரி உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? வாணக்காரங்ககிட்ட போங்க, வாங்க, நாலு பேரைக் கும்பிடுங்க. ஒங்க திருவிழான்னு தெரியணும்லா. நான் பாத்துக்கிடுதேன்."

மனுஷன் பூரித்துப்போனார். பொன்னாடையைக் கழற்றி நாற்காலியின் கைமேல் போட்டுவிட்டுப் புறப்பட்டார்.

முதல் வாணம் ஏறியது. அக்கா அட்டையை விலக்கினாள், உதடு அருள்நிறையைத் தொடங்கியது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது நல்ல பெரிய வாணம், பச்சையும் சிவப்புமாக வானத்தை அடைத்துக்கொண்டு விரிந்தது. இவள் டக்கென்று அட்டையால் கேமராவை மறைத்துவிட்டாள். கை தவறிவிட்டது என்று நினைத்து எதிரே பார்த்தேன். முதலாளி நாற்காலிக்கு முன்னால் நின்று யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பிட்டு முடித்து நடக்கத் தொடங்கினார். அட்டை விலகியது. மறுபடி நின்றார். அட்டை மறைத்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாணத்துக்கு அட்டை பிடிக்கவில்லை, முதலாளிக்குப் பிடிக்கிறாள்.

"அக்கா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஜெபத்தை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு விசாரணையில வாயை மூடிட்டு நின்னேல்லா. இன்னைக்கும் அப்படியே நில்லு."

விட்ட இடத்திலிருந்து மந்திரம் தொடர்ந்தது. நான் சுவிட்ச் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மறைப்பதற்கென்ன, எனக்கு இனித்தது. ஒவ்வொரு முறை அந்த அட்டை ஏறும்போதும், போடு, இன்னொன்று போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பத்தாவது அருள்நிறை முடிந்ததும் கேமராவின் கண்ணை மூடி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் படம் ஸ்டுடியோ ஷோகேசில் இருந்தது. அவள் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம். கோயில் முகப்பில் ஒவ்வொரு பல்பும் எண்ணும்படி தெரிந்தது. மேலே ஆறு வாணம். கீழே சம்சாரம், அக்காமார், மருமகன்மார் எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள். நடுவில் ஒரு காலி நாற்காலி, அதன் கைமேல் பொன்னாடை. சந்தில் நடக்க இடமில்லாமல் ஆட்கள் வந்து பார்த்தார்கள். "முதலாளியை எங்க?" என்று கேட்டவர்களுக்கு, "வரலை போல" என்று பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். டீக்கடையில் இதே பேச்சுதான்.

சாயங்காலம் முதலாளி வந்தார். நான் ஒரு வேலையும் இல்லாமல் காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் போவேனா?

"ஏளா, நான் எங்க?"

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகப் பார்த்தாள். "இல்லையே முதலாளி."

"ஊரே பாத்துச்சு. நான் அங்கனதான் நின்னேன்."

"படத்துல ஆளு இருக்கா? இல்லைல்லா? அப்ப நீங்க வரவே இல்லை."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதலில் கோபம், பிறகு யோசனை, பிறகு அந்த மேசை, அந்தப் பட்டியல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டிச் சேக்க முடியுமாம்மா?" ஏளா போய் அம்மா வந்துவிட்டது.

"கொழும்புல கெடக்கவனையே சேக்கேன். ஒங்களைச் சேக்கதுக்கென்ன. கல்லுல ஒரு பேரு பாக்கி இருக்கு. அது சேரட்டும், இதைச் சேத்திருவோம்."

இருபது நாளில் கல்லில் சூசையின் பேர் ஏறியது. அக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள், நானும் பின்னாலேயே போனேன். ஆறு பேரும் ஒன்றரை அங்குல எழுத்தில் நடுவில் இருந்தார்கள். சூசை கல்லின் கீழ் விளிம்பில், கட்டத்துக்கு வெளியே, அரை அங்குல எழுத்தில் கிடந்தான். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. விரலால் ஒவ்வொரு பேராகத் தடவிக்கொண்டே வந்து, கடைசியில் நின்று, "எம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இம்புட்டுச் சின்னதா வெட்டியிருக்கு?" என்று கேட்டது. முதலாளியின் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். "இடம் இல்லை ஆச்சி. இருக்க இடத்துல சேத்திருக்கு" என்றார். அக்கா இடுப்பிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து இரண்டு எழுத்தையும் அளந்தாள்.

அந்த வாரமே படம் தயார். முதலாளி ஆசையாக வந்து உறையைப் பிரித்தார். அவரை அவள் சேர்த்திருந்தாள், சொன்ன சொல் தவறவில்லை. படத்தின் கீழ் ஓரத்தில், பொரிகடலை வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், சம்சாரத்தின் உயரத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். கும்பிட்டபடி.

"என்னம்மா இது?"

"இடம் இல்லை முதலாளி. இருக்க இடத்துல சேத்திருக்கேன்."

அவர் படத்தையும் எடுக்கவில்லை, சண்டையும் போடவில்லை. கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் வைத்தார்கள். ஏழு பேர், ஏழு வரி, ஒரே அளவு எழுத்து. அந்த வருஷம் சூசையின் அம்மா தன் பிள்ளையின் பேருக்கு நேர் கீழே மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தது. மறுநாள் முதலாளி நாற்காலியில், முழு அளவில், பொன்னாடையோடு அவர் வீட்டு ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒட்டியது யாருக்கும் தெரியாது. நெகட்டிவில் மட்டும் காலி நாற்காலிதான்.

என் கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். பேசாமல் நின்றதற்குப் பேசாமல் நிற்க வைத்துவிட்டாள், சரிக்குச் சரி.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். அக்காதான் படம் எடுத்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை சிரித்துக்கொண்டே ஓடி ஓடி எடுத்தாள், பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டோம். ஆல்பம் வந்தது. முப்பத்தாறு படம். ஒன்றில் என் முகத்துக்கு முன்னால் மாலை. ஒன்றில் மாமனாரின் தோள். ஒன்றில் குனிந்திருக்கிறேன், ஒன்றில் திரும்பியிருக்கிறேன், ஒன்றில் யாரோ நீட்டிய குத்துவிளக்கு. என் மனைவி எல்லாவற்றிலும் அழகாக இருக்கிறாள். எனக்கு முகமே கிடையாது.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். "என்னக்கா இது, ஒண்ணுலகூட என் மூஞ்சி இல்லையே?"

அவள் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"நான் கவனிக்கலையே தம்பி" என்றாள்.

வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். "பேசாம நின்னதுக்கு அன்னைக்கே சரியாப் போச்சுலே. இது பொய் சொன்னதுக்கு. இனி ஒண்ணுமில்லை, உக்காரு, டீ சொல்லுதேன்." உட்கார்ந்து குடித்தேன். வேறென்ன செய்ய.

அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. என் பேத்தி அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "தாத்தா, ஒங்க கல்யாணத்துக்கு நீங்க வரலையா?" என்று கேட்கிறாள். வந்தேன். அதைப்போல இன்னொன்றும் உண்டு, அந்த மேசைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. சூசை அந்தத் தோணியில் ஏறினான். நான் பார்த்தேன்.